சாக்கு எழுத்துக்குப் பூட்டு

நஸ்லினைத் திருட்டுக் கேஸில் ஜீப்பில் ஏற்றியது சோளக்காட்டுச் சந்தை நாளில். வேறு நாளே கிடைக்கவில்லையா அந்தப் பாவிகளுக்கு? கொல்லிமலையின் எல்லா ஊர்ச் சனமும் மிளகு மூட்டையோடும் அன்னாசிக் கூடையோடும் வந்து நிற்கிற நேரம் அது. அத்தனை பேர் பார்க்க, அவளுடைய டி.டி.பி. கடைக்குள் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு பெண் போலீசும் நுழைந்தார்கள். பின்னாலேயே, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்த முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, சேலத்து அர்த்தனாரி.

கம்ப்யூட்டரின் ஒயரை அப்படியே பிடுங்கினார்கள். ராமாயி மகளின் கல்யாணப் பத்திரிகை திரையில் பாதியில் நின்றது, அதுவும் அணைந்தது. பத்திரிகைக்காகக் காத்திருந்த ராமாயி, "ஏனுங்க, எங்க ஊட்டுக் கல்யாணமுங்க அது!" என்று ஓடி வந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"கம்ப்யூட்டர்ல அடிக்கற இந்த எழுத்து எங்க கம்பெனியுதுங்க சார். காசு குடுக்காம திருடி வெச்சிருக்குது இந்தப் பாப்பா" என்றான் அர்த்தனாரி.

திருடினாளாம்! அந்த எழுத்தை வரைந்தவளே அவள்தான் ஐயா!

நஸ்லினின் அத்தா அப்துல் சுக்கூர், காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வியாபாரி. சோளக்காட்டில் அவருக்கு ஒரு குடோன் உண்டு. குடோனின் முன்னறையில்தான் நஸ்லின் தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டரையும், பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றையும் வைத்துக் கடை போட்டாள். காதுகுத்து, கல்யாணம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அவளிடம்தான். ஆனால் அந்த ஜெராக்ஸ் மெஷின் மையை அள்ளிப் பூசும். மலைக்குக் கீழே விற்கிற தமிழ் எழுத்துருக்களில் அடித்தால் அ, ண, ன என்று சுழி உள்ள எழுத்தெல்லாம் உள்ளே மை அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். மாப்பிள்ளை பேரை மணமகளே படிக்க முடியாது.

ஒருநாள் கரண்ட் இல்லாமல் குடோனில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மிளகு மூட்டைகளின் மேல் மலைக்காரர்கள் தங்கள் பேரையும் ஊரையும் மையில் எழுதியிருப்பார்கள் அல்லவா? சணல் சாக்கு மையைக் குடிக்கும். சுழியை மூடி எழுதினால் அடைத்துப்போகும். அதனால் மலையில் எவரும் சாக்கில் சுழியை மூடி எழுதுவதில்லை, கொஞ்சம் வாயைத் திறந்தே விட்டுவிடுவார்கள். மூட்டைக்கு மூட்டை அப்படித்தான். எட்டி நின்று பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது.

நஸ்லின் அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கண் எரிய எரிய மவுசைப் பிடித்து இழுத்து வரைந்தாள். 'சாக்கு' என்றே பேரும் வைத்தாள். எவ்வளவு மட்டமான மெஷினில் அடித்தாலும் அந்த எழுத்து தெளிவாக விழுந்தது. கேள்விப்பட்டுக் கீழே இருந்து கடைக்காரர்கள் வந்தார்கள். பேளுக்குறிச்சி அஷ்பாக்தான் முதலில் வந்தான். கேட்டவருக்கெல்லாம் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். டி.டி.பி. போடுகிறவர்களுக்குள் அது வழக்கம்தான். என்னிடம் இல்லாத எழுத்து உன்னிடம், உன்னிடம் இல்லாதது என்னிடம்.

பிளாப்பி கைமாறிக் கைமாறிச் சேலம் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தான் அர்த்தனாரி. தமிழில் தட்டச்சு செய்கிற ஒரு புரோகிராமை விற்கிறவன். 'சாக்கு' என்ற பேரை அழித்துவிட்டு 'எழிலி' என்று போட்டான். தன் பேரில் பதிவு செய்துகொண்டான். கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகுகிற கட்டைவிரல் அளவு பூட்டு ஒன்றையும் சேர்த்தான். பூட்டு இருந்தால் எழுத்து வரும், இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதோடு விட்டானா? பூட்டு வாங்காமல் எந்தக் கடையில் அந்த எழுத்து இருக்கிறதோ, அந்தக் கடை மேலெல்லாம் புகார் கொடுத்தான். எழுத்தைப் பெற்றவள் கடையும் அதில் ஒன்று. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

ஸ்டேஷனில் நஸ்லின் தொண்டை கிழியக் கத்தினாள். "நான் வரைஞ்சதுங்க சார்! மூட்டையப் பாத்துப் பாத்து நான் வரைஞ்சதுங்க!"

அர்த்தனாரி பதறவேயில்லை. சிரித்தான். "சாக்குல எழுதற எழுத்துதானே, பாப்பா? அது மலையில எவன் வேணா எழுதறது. எழுத்து ஊருக்கெல்லாம் பொது. ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கற பைல் என்னுது. பதிவுப் பத்திரம் இருக்குது. உங்கிட்ட என்ன இருக்குது?"

அவளிடம் என்ன இருந்தது? வரைந்த படமெல்லாம் இருந்த கம்ப்யூட்டரே போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்தது. அத்தா வக்கீலைப் பிடித்து, கண்டவர் காலையெல்லாம் பிடித்து, பொழுது சாய்வதற்குள் அவளை வெளியே கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் வயிறு எரியும். துறையூர்ப் பக்கம் பேசி முடித்திருந்த சம்பந்தம், "போலீஸ் கேஸ் ஆன பொண்ணு" என்று முறிந்தது. பேளுக்குறிச்சி அஷ்பாக்கின் கடைக்கும் போலீஸ் போனது. அவன் கடையை மூடிவிட்டு மாமன் புரோட்டாக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தான். சந்தைக்கு வருகிறவர்கள் நஸ்லினைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பாள்.

"விட்டுத் தொலைம்மா. பெரிய எடம். நமக்கு மிளகு இருக்குது, அது போதும்" என்றார் அத்தா.

"விடமாட்டேன் அத்தா. அவன் இதே சந்தையில, இதே சனத்துக்கு முன்னால தலையக் குனிஞ்சு நிக்கோணும். அதப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது."

அவருக்குப் பெண்ணைத் தெரியும். 

என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவன் கடைக்குத் தீ வைக்கலாமா என்றுகூட யோசித்தாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்தாள். அந்தச் சமயத்தில்தான் பொங்கல் லீவுக்கு அருணா வந்தாள். காளப்பநாயக்கன்பட்டிப் பள்ளியில் நஸ்லினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கோயமுத்தூரில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று திறந்து விடுகிற கட்டற்ற மென்பொருள், லினக்ஸ் என்று ஒரு கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் நேராக ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் என்னத்தடி விக்கிறான்?"

"என் எழுத்த."

"இல்ல. பூட்ட விக்கிறான். உன் எழுத்து ஊரெல்லாம் ஓசியில கெடைச்சா அவன் பூட்ட எவன் வாங்குவான்?"

நஸ்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அருணா விளக்கினாள். அர்த்தனாரியின் புரோகிராமில் அடித்தது வேறு எதிலும் திறக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள் ஓர் எண் உண்டு. அவன் அந்த எண்களைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தான். அதனால் அவனிடம் ஒருமுறை வாங்கியவன் காலம் முழுக்க அவனிடமே கட்டிக்கிடக்க வேண்டும். ஆனால் இணையத்தில் உலகத்துத் தமிழர்கள் கூடிப் பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் வரிசை வைத்திருந்தார்கள். திஸ்கி என்று பேர். அந்த வரிசையில் எழுத்தை வரைந்தால் எவர் அடித்ததையும் எவரும் திறக்கலாம். "நீ எழுத்த மறுபடி வரை. அவன் பைலத் தொறந்து பொது வரிசைக்கு மாத்தற புரோகிராம நான் எழுதறேன். அவங்கிட்ட மாட்டிக்கிட்டவன் பூராப் பேரும் வெளிய வந்துருவான்."

நஸ்லின் மறுபடி மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் தடவை ஆசையாக வரைந்தாள். இந்தத் தடவை கறுவிக்கொண்டு வரைந்தாள். ஒவ்வொரு சுழியைத் திறந்து விடும்போதும் அர்த்தனாரியின் கழுத்தைத் திருகுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கோபத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, தூக்கம் வராது, சோம்பலும் வராது. பழையதைவிடப் புதியது அழகாகவே வந்தது. 'சோளக்காடு' என்று பேர் வைத்தாள்.

எல்லாம் முடிந்து வெளியிடப் போகும்போதுதான் தோழிகள் இருவருக்கும் சண்டை வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று உரிமப் பத்திரம் எழுதி அனுப்பியிருந்தாள் அருணா. நஸ்லின் அதன் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினாள்: 'சேலம் அர்த்தனாரியைத் தவிர.'

அதைப் பார்த்துவிட்டு அருணா குடோனுக்குப் போன் போட்டாள். "அந்த வரிய எடுத்துரு."

"எடுக்கமாட்டேன்."

"எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்குந்தான். ஒருத்தன விட்டாலும் அது கட்டற்ற மென்பொருள் கெடையாதுடி. எங்க கூட்டத்துல ஒருத்தரும் ஏத்துக்கமாட்டாங்க."

"உங்க கூட்டத்தயா ஜீப்புல ஏத்துனாங்க? என்னையத்தானே ஏத்துனாங்க! அவனுக்கு நான் தூக்கிக் குடுக்கோணுமா? உனக்கு வெக்கமா இல்லியா, கேக்கறதுக்கு?"

 அருணா நிதானமாகச் சொன்னாள். "பத்திரத்த முழுசாப் படிச்சியா? யாரு வேணாலும் எடுக்கலாம், விக்கக்கூடச் செய்யலாம். ஆனா வாங்கறவனுக்கும் அதே உரிமையக் குடுக்கோணும். இத எடுத்துத் தன் புரோகிராமோட சேத்து ஒண்ணாக்கி வித்தான்னா, அந்த மொத்தப் புரோகிராமையும் தொறந்து குடுக்கோணும். பூட்டு போட்டான்னா அவன் உரிமை அத்தோட போச்சு. அப்பறம் அவந்தான் திருடன்."

நஸ்லின் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். வெளியே மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"அருணா, அவனால பூட்டாம இருக்க முடியுமா?"

"நீயே சொல்லு."

நஸ்லின் அந்த வரியை அழித்தாள். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எலிப் பொறிக்குள் தேங்காய்ச் சில்லை வைக்கிறவன் எலிக்கு விருந்தா வைக்கிறான்?

இரண்டாயிரத்து இரண்டில் 'சோளக்காடு', அருணாவின் புரோகிராமோடு சேர்ந்து வெளியானது. இணையக் குழுக்களில், போட்ட தேதியோடும் நஸ்லின் பேரோடும் நின்றது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை தன்னோடு தருகிற சிடியில் அதைச் சேர்த்துக் கொடுத்தது. கேட்கவா வேண்டும்? நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என்று கடை கடையாகப் பரவிற்று. அர்த்தனாரியிடம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பழைய பைல்களை மாற்றிக்கொண்டு கையை உதறிவிட்டு வந்தார்கள். பூட்டு விற்பனை படுத்துவிட்டது.

அவன் என்ன செய்வான் என்று நஸ்லின் காத்திருந்தாள். நாள் போகப் போக, கடைசியில் எடுக்காமலே இருந்துவிடுவானோ என்று அவளுக்கே பயம் வந்தது. அல்லா அவளை ஏமாற்றவில்லை. எடுத்தான்! இலவசமாக விட்டது என்றால் புறம்போக்கு நிலம், வேலி போட்டவனுக்குச் சொந்தம் என்று நினைத்துவிட்டான் மடையன். 'சோளக்காடு' எழுத்தையும் பைல் மாற்றுகிற அருணாவின் புரோகிராமையும் எடுத்துத் தன் தட்டச்சுப் புரோகிராமுக்குள்ளேயே வைத்துத் தைத்து, மேலே புதுப் பூட்டு மாட்டி, 'எழிலி இரண்டு' என்று கல்லூரிகளுக்கெல்லாம் விற்றான்.

சேலத்தில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, மாமன் கடைக் கல்லாவை விட்டுவிட்டு, பஸ் ஏறி மலைக்கே வந்தான் அஷ்பாக். "பூட்டிட்டான் நஸ்லின்! பூட்டிட்டான்!" கல்யாணச் சேதி சொல்கிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

அருணா பிரித்துப் பார்த்தாள். வரிக்கு வரி அவள் எழுதியதுதான். நாமக்கல் வக்கீல் மூலம் நோட்டீஸ் போனது. முதலில் அர்த்தனாரி அதைக் கிழித்துப் போட்டானாம். தான் புகார் கொடுத்த அதே சட்டத்தில் தன் மேலேயே புகார் தயாராகிறது, வாங்கிய கல்லூரிகளுக்கும் தகவல் போகப்போகிறது என்று அவன் வக்கீலே சொன்ன பிறகுதான் வியர்த்திருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான்.

குடோனில் மிளகு மூட்டைமேல் அவனை உட்காரவைத்தார் அப்துல் சுக்கூர். பாப்பா இப்போது அம்மணி ஆகிவிட்டாள்.

"ஏனுங்கம்மணி, தெரியாம நடந்துபோச்சுங்க. எழுத்துக்கு என்ன வேணுமோ சொல்லுங்க, குடுத்தர்றேன்" என்றான்.

அத்தாவின் கண் மகளைப் பார்த்துக் கெஞ்சிற்று. வாங்கிக்கொண்டு முடித்துவிடலாமே என்று.

"எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க" என்றாள் நஸ்லின். "என் மேல, அஷ்பாக் மேல, மத்த கடைக்காரங்க மேல போட்ட கேஸப் பூராத்தையும் வாபஸ் வாங்கோணும். உங்க புரோகிராம் மொத்தத்தையும், உள்ள எழுதியிருக்கறது ஒண்ணு விடாம, பூட்டில்லாம சிடியில போடோணும். போட்டு, சந்தை அன்னைக்கு இங்க வந்து, உங்க கையால, சும்மா குடுக்கோணும். கேக்கறவங்களுக்கெல்லாம்."

"அம்மணி! அது என் பொழப்பே ஆச்சுங்களே! பன்னெண்டு வருஷ ஒழைப்புங்க!"

"எனக்கும் அது பொழப்பாத்தான் இருந்துச்சு. ஜீப்புல ஏத்தறப்ப அதச் சொல்ல உட்டீங்களா?"

"சேலத்துல வேணா ஒரு மீட்டிங் போட்டு..."

"சோளக்காட்டுச் சந்தையில. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, வக்கீலுக்குப் போன் பண்ணிக்கறேன்."

அவன் அத்தாவைப் பார்த்தான். அத்தா மூட்டையில் சிந்திய மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வந்தான். அந்தச் சந்தை நாளில் பலாப்பழம் விற்கிறவளுக்கும் வாழைத்தார்க் குவியலுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு நின்றான். பை நிறைய சிடி. சேதி முன்னாலேயே கீழே பரவியிருந்ததால், போலீஸ் ஏறிய கடைக்காரர்கள் எல்லாம் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் அஷ்பாக்.

"என் கடையக் காட்டிக் குடுத்த கைதானுங்க இது? குடுங்க, குடுங்க. நல்லா நீட்டிக் குடுங்க" என்று வாங்கினான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அர்த்தனாரி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தான்.

கடைக்காரர்களுக்குப் பிறகு வாத்தியார்கள் வந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்து ஆள் வந்தார். பிறகு சும்மா கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டுச் சந்தைச் சனமே திரண்டு வந்தது. ராமாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து இரண்டு கையையும் ஏந்தினாள்.

"எனக்கு நாலு குடுங்க சாமி."

"உனக்கு எதுக்கும்மா? ஊட்டுல கம்ப்யூட்டர் இருக்குதா?"

"இல்லீங்க. தெனைக்காட்டுல கட்டித் தொங்கவிட்டா மினுக்குமுங்க. கிளி அண்டாது."

அர்த்தனாரியின் கை அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷ உழைப்பு தினைக்காட்டில் கிளி விரட்டப் போகிறது! அவன் நிமிர்ந்து நஸ்லினைப் பார்த்தான். அவள் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கேக்கறவங்களுக்கெல்லாம்" என்றாள்.

நாலு சிடியை எண்ணிக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஆளுக்கு நாலு, ஐந்து என்று வாங்கிப்போனார்கள். வெயில் ஏறிற்று. அவன் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. தண்ணீர் கேட்டான், அத்தா ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தார். நஸ்லின் கொடுக்கவில்லை. அவளுக்கு மனசு இளகவும் இல்லை. இளகும் என்று அருணா பயந்திருந்தாள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

பை காலியானது. சந்தையும் கலையத் தொடங்கிற்று. அர்த்தனாரி பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தான். தலை குனிந்துதான் இருந்தது. போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் தயங்கி நின்றான்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்கம்மணி. மொதல்லயே நான் நேரா வந்து அந்த எழுத்த உங்ககிட்டக் கேட்டிருந்தா, என்ன வெல சொல்லியிருப்பீங்க?"

இத்தனை வருஷமாக அவனுக்கென்று அவள் சேர்த்துவைத்த வசவு எவ்வளவோ இருந்தது. எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒன்றும் தேவைப்படவில்லை.

"வெலையா?" என்றாள். "சும்மாவே குடுத்திருப்பனுங்க. கேட்ட ஒருத்தருக்கும் நான் இல்லைன்னு சொன்னதில்ல. நீங்கதான் கேக்கவே இல்ல."

அவன் பொய்யா என்று அவள் முகத்தில் தேடினான். அது பொய் இல்லை. அது அவனுக்கும் தெரிந்துவிட்டது.  முகத்தில் இருந்த உயிரெல்லாம் இறங்கிப்போனது. வக்கீல் நோட்டீஸ், சந்தையில் நின்ற நிலை எதுவும் அவனை அடிக்காத அடியை அந்த ஒரு வார்த்தை அடித்தது.

திரும்பி நடந்தான். காரில் ஏறினான்.  கதவைச் சாத்தக்கூட மறந்து உட்கார்ந்திருந்தவனை நஸ்லின் வாசலில் நின்று, அவசரமே இல்லாமல், ஆசை தீரப் பார்த்தாள்.